பதிகத்துக்குத் தலைப்பு எது: முதலடியா, தலமா, வழக்குப் பெயரா?

ஏடடுக்கி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். தேவாரம், திருவாசகம், திவ்வியப் பிரபந்தம், திருப்புகழ், கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடும்படி ஒரு தரவுத்தளம் கட்டும் வேலையில் சிலர் இருக்கிறோம். தட்டச்சு, மெய்ப்பு எல்லாம் ஓரளவு நகர்கின்றன. வேலை வந்து முட்டி நிற்பது 'தலைப்பு' என்கிற ஒரே கட்டத்தில்.

முதல் திருமுறையின் முதல் பதிகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அச்சில் மேலே இருப்பது 'திருப்பிரமபுரம், பண்: நட்டபாடை'. யாரும் அதை அப்படித் தேடுவதில்லை. 'தோடுடைய செவியன்' என்றுதான் தட்டுகிறார்கள். சரி, முதலடியையே தலைப்பாக்கிவிடலாம் என்றால் கோளறு பதிகம் குறுக்கே வருகிறது. அதன் முதலடி 'வேயுறு தோளிபங்கன்'. அடி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலோர் கேட்பது 'கோளறு பதிகம்' என்ற பெயரைத்தான். அச்சுத் தலைப்பு, முதலடி, மக்கள் வழங்கும் பெயர் ஆகிய மூன்றில் எதைத் தலைப்பு என்று வைப்பது? எதை வைத்தாலும் மற்ற இரண்டும் தேடலில் பின்னால் போய்விடுகின்றன.

இந்த வேலையில் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பண்முறை மாணவன்

முதலடிதான் ஐயா, இதில் யோசிக்கவே வேண்டாம். ஓதுவார் மரபில் பாடம் சொல்லும்போது 'பொன்னார் மேனியனே எடு' என்பார்களே தவிர 'திருமழபாடிப் பதிகம், நட்டராகம் எடு' என்று சொல்வதில்லை. பாட்டின் பெயரே அதன் எடுப்புத்தான்.

தலத்தைத் தலைப்பாக்கினால் என்ன ஆகும் என்று சீகாழியை வைத்துப் பாருங்கள். அந்த ஊருக்குப் பன்னிரண்டு பெயர்: பிரமபுரம், வேணுபுரம், புகலி, வெங்குரு, தோணிபுரம், பூந்தராய், சிரபுரம், புறவம், சண்பை, காழி, கொச்சைவயம், கழுமலம். முதல் திருமுறையிலேயே ஒன்பதாம் பதிகத்துக்கு வேணுபுரம் என்றும், பத்தொன்பதாவதற்குக் கழுமலம் என்றும், இருபத்து நான்காவதற்குச் சீகாழி என்றும் தலைப்பு. மூன்றும் ஒரே கோயில். சம்பந்தர் இந்த ஊருக்குப் பாடியவை மட்டும் அறுபதுக்கும் மேல். தலைப்பில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தால் தேடுபவர் முன்னால் ஒரே மாதிரி வரிகள் நீளமாக வந்து நிற்கும், அதே ஊரின் மற்றப் பதிகங்கள் வேறு பெயர்களில் எங்கோ கிடக்கும்.

நூலடைவு

பண்முறை மாணவன் சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. நான் நூலக அட்டவணை வேலையில் இருப்பவள், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

'தலைப்பு எது' என்று கேட்பதற்கு முன்னால் 'இந்தத் தலைப்பை யார் வைத்தார்கள்' என்று கேட்க வேண்டும். பதிகம் பாடியவர் தலைப்பு எழுதி வைக்கவில்லை. 'திருப்பிரமபுரம்' என்பது தொகுத்தவர்களும் பதிப்பித்தவர்களும் இட்ட தலைக்குறிப்பு. 'கோளறு பதிகம்' மரபு இட்ட பெயர். முதலடி ஒன்றுதான் பாட்டுக்குள்ளிருந்தே வருவது. அட்டவணையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு: நூலில் இல்லாத தலைப்பை அட்டவணை செய்பவரே கொடுத்தால் அதைச் சதுர அடைப்புக்குள் போடுவோம். எது ஆவணத்தில் இருந்தது, எது நம் கை வைத்தது என்று பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும். இணையத் தளங்களில் இந்த வேறுபாடு அழிந்துபோவதுதான் எனக்கு உறுத்துகிறது. யாரோ வசதிக்காக இட்ட பெயர் நாலு தளங்களுக்கு நகலாகி, கடைசியில் அதுவே ஆசிரியர் வைத்த பெயர்போல் நிற்கிறது.

பழைய காலத்தில் இதை எவ்வளவு தெளிவாகச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு ரிக் வேதத்தின் அடைவு நூலான அநுக்கிரமணியைப் பாருங்கள். 10 மண்டலம், 1,028 சூக்தம் (துதிப்பாட்டு). எதற்கும் தலைப்பு கிடையாது. காத்தியாயனரின் சர்வாநுக்கிரமணி ஒவ்வொரு சூக்தத்துக்கும் தொடக்கச் சொல், எத்தனை மந்திரம், ரிஷி யார், தேவதை யார், சந்தஸ் என்ன என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறது. இன்று நாம் கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்க நினைக்கிற அதே தகவல்கள். தலைப்பு என்ற ஒன்றில் எல்லாவற்றையும் திணிக்காததால்தான் அந்த அடைவு இன்றைக்கும் உதவுகிறது.

நேர்த்தேடல்

இவ்வளவு விவாதம் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. முழுப் பாடலும் தட்டச்சாகி இருக்கிறது. பயனர் எந்தச் சொல்லைத் தட்டினாலும் பாட்டு வந்துவிடும். தலைப்பெல்லாம் அச்சுப் புத்தகக் காலத்துத் தேவை.

பண்முறை மாணவன்

நேர்த்தேடல் நண்பரே, 'நமச்சிவாய' என்று தட்டிப் பாருங்கள். திருமுறை முழுக்கப் பரவிக் கிடக்கிற சொல் அது. அந்தக் குவியலிலிருந்து நமச்சிவாயப் பதிகத்தை எப்படி எடுப்பீர்கள்?

அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 'நமச்சிவாயத் திருப்பதிகம்' என்ற பெயரில் மூவரும் ஒவ்வொன்று பாடியிருக்கிறார்கள். சம்பந்தர் 'காதலாகிக் கசிந்து' (3.49, அதாவது மூன்றாம் திருமுறை 49ஆம் பதிகம், பண் கௌசிகம்). அப்பர் 'சொற்றுணை வேதியன்' (4.11, காந்தார பஞ்சமம்). சுந்தரர் 'மற்றுப் பற்றெனக்கு இன்றி' (7.48, பழம்பஞ்சுரம், பாண்டிக்கொடுமுடி). மூன்றுக்கும் ஒரே பெயர், மூன்றும் வேறு. இவற்றைப் பிரித்துக் காட்டுவது முதலடி மட்டுமே.

நூலடைவு

முழுவுரைத் தேடல் தோற்கும் இன்னொரு இடமும் உண்டு. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாட்டு இராவணனைப் பற்றியது, ஒன்பதாவது அயனும் மாலும் தேடிக் காணாதது. ஆனால் பாட்டுக்குள் 'இராவணன்' என்ற சொல் எப்போதும் இருப்பதில்லை. அரக்கன் என்பார், இலங்கையர் கோன் என்பார், மலையெடுத்தவன் என்பார். சொல்லைத் தேடினால் பொருள் கிடைக்காது. பொருளடைவு என்று ஒன்றை மனிதர்கள் உட்கார்ந்து செய்தால்தான் உண்டு. தலைப்பும் அப்படித்தான்: பாட்டில் இல்லாத ஒன்றைச் சமூகம் பாட்டின்மேல் எழுதி வைத்திருக்கிறது. அதைத் தரவில் சேர்க்காவிட்டால் இயந்திரத்துக்குத் தெரிய வழியே இல்லை. 'கோள்' என்ற சொல்லைத் தேடி யாராவது கோளறு பதிகத்தைக் கண்டுபிடிக்கலாம். 'விநாயகர் அகவல்' என்று தட்டுபவருக்கு 'சீதக் களபச் செந்தாமரைப் பூம்' எப்படிக் கிடைக்கும்? அகவல் என்பது யாப்பின் பெயர். பாட்டுக்குள் அது எங்கே இருக்கப் போகிறது?

அருளிச்செயல் அன்பர்

திவ்வியப் பிரபந்தத்தின் பக்கத்திலிருந்து அடியேன்.

முதலடியைப் பெயராக்குவது எங்களுக்குப் புதிதல்ல. திருப்பாணாழ்வார் பாடியதற்குப் பெயரே 'அமலனாதிபிரான்'. மதுரகவியாழ்வாருடையது 'கண்ணிநுண்சிறுத்தாம்பு'. இரண்டும் தொடக்கச் சொற்கள்தான், அவையே நூற்பெயராக நிலைத்துவிட்டன. பதிகங்களும் அப்படியே. நாச்சியார் திருமொழி ஆறாம் பதிகம் என்று யாரும் சொல்வதில்லை, 'வாரணமாயிரம்' என்றால் போதும்.

எண்ணை நம்பலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரியாழ்வார் திருமொழியில் திருப்பல்லாண்டை முதல் பதிகமாகச் சேர்த்து எண்ணினால் 'வண்ண மாடங்கள்' 1.2. திருப்பல்லாண்டைத் தனிப் பிரபந்தமாக வைத்தால் அதுவே 1.1. அந்தப் பத்து முழுவதும் ஒவ்வொன்றாக நகர்ந்துவிடும். நாலாயிரம் என்ற தொடர் எண்ணிலும் இப்படித்தான். சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டையும் எப்படிப் பிரித்து எண்ணுவது என்பதில் பதிப்புகள் ஒத்துப்போவதில்லை, அதனால் அவற்றுக்குப் பின்னால் வருகிற எண்களும் ஒத்துப்போவதில்லை. ஒரு தளத்தில் பார்த்த எண்ணை இன்னொரு தளத்தில் தட்டினால் வேறு பாசுரம் வந்து நிற்கும். எந்தப் பதிப்பின் எண் என்று சொல்லாத எண்ணை ஏற்ற வேண்டாம்.

பெயர் மட்டும் போதாது என்பதற்கும் எங்களிடமே சான்று உண்டு. 'திருப்பள்ளியெழுச்சி' என்றால் தொண்டரடிப்பொடியாழ்வாருடையதும் உண்டு, மாணிக்கவாசகருடையதும் உண்டு.

குறியேற்றம்

நான் நிரல் எழுதுபவன். நீங்கள் எல்லாரும் எந்தப் பெயர் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் அது தேடலில் சிக்காமல் போகிற இடங்களைச் சொல்கிறேன். இவை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை.

பண் 'கௌசிகம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான குறியேற்றத்தில் 'கௌ' என்பது ககரமும் ஔகாரக் குறியும். ஆனால் நிறையப் பேர் எகரக் கொம்பும் ளகர எழுத்தும் சேர்த்து 'கெள' என்று தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு வேறு வேறு. 'ஔவையார்' என்பதை ஒகரமும் ளகரமுமாக 'ஒளவையார்' என்று எழுதுவதும் இதே கதை. 'கொ' போன்றவற்றில் ஒரே குறியாகவும் இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம், ஒருங்குறி (யூனிகோடு) விதிப்படி இரண்டும் சமம், ஆனால் அந்தச் சமப்படுத்தலை நாம் செய்தால்தான் நடக்கும். 'ஸ்ரீ' இருவகையாக வருகிறது, ஏனென்றால் தமிழ் 'ஶ' ஒருங்குறியில் சேர்ந்தது 2005இல்தான், அதற்கு முன் எழுதியவர்கள் ஸகரத்தை வைத்து எழுதினார்கள். பழைய எழுத்துரு முறைகளிலிருந்து மாற்றிய கோப்புகளில் துணைக்காலுக்குப் பதில் ரகரம் உட்கார்ந்திருப்பதும் உண்டு. தலைப்புக் கட்டத்தில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அந்தப் பாட்டு பெயரால் தேடுபவருக்கு இல்லாததாகிவிடும்.

அகரவரிசையும் தானாக வராது. ஒருங்குறி எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வருகிறது, றகரம் ரகரத்தை அடுத்து வருகிறது. நம் நெடுங்கணக்கில் ற, ன இரண்டும் கடைசி. புள்ளி வைத்த மெய் உயிர்மெய்களுக்கு முன்னால் வர வேண்டும், எண் வரிசையில் பின்னால் போய்விடும். முதலடி அகராதி என்று பெருமையாக ஒரு பக்கம் போட்டுவிட்டு, வரிசை மட்டும் கணினியின் எண் வரிசையாக இருக்கிற தளங்கள் இருக்கின்றன. அதில் கண்ணால் தேடுபவர் பாட்டு இல்லை என்றே முடிவு கட்டிவிடுவார்.

பண்முறை மாணவன்

குறியேற்றம் சார், சந்தி பிரிப்பதை விட்டுவிட்டீர்களே. எங்களுக்குப் பெரிய தொல்லை அதுதான்.

குறியேற்றம்

வந்துகொண்டிருக்கிறேன்.

திருப்புகழில் 'ஏறுமயி லேறிவிளை யாடுமுக மொன்றே' என்று சந்தத்துக்கு ஏற்பச் சீர் பிரித்து அச்சிடுவது ஒரு முறை. 'ஏறு மயில் ஏறி விளையாடு முகம் ஒன்றே' என்று சொல் பிரித்து எழுதுவது இன்னொரு முறை. இடைவெளியை எல்லாம் நீக்கிவிட்டு ஒப்பிட்டாலும் இரண்டும் ஒன்றாகாது. முதலாவதில் 'யிலேறி', இரண்டாவதில் 'யில்ஏறி'. எழுத்தே மாறுகிறது. 'தோடுடைய' என்பதைத் 'தோடு உடைய' என்று பிரித்தாலும் அப்படியே, ஓர் உகரம் கூடுகிறது. 'கூற்றாயினவாறு' என்பது 'கூற்று ஆயின ஆறு' ஆகும்போது அடையாளமே தெரிவதில்லை. சிவபுராணம் தொடங்குவது 'நமச்சிவாய வாஅழ்க' என்று அளபெடையோடு. அளபெடையைத் தட்டித் தேடுபவர் எத்தனை பேர்?

ஆகவே முதலடி என்பதை ஒரே கட்டமாக வைக்காதீர்கள். அச்சில் உள்ளபடி சீர் பிரித்தது ஒன்று, சந்தி பிரித்தது ஒன்று, இடைவெளியும் அளபெடையும் ஒற்று மிகுதலும் நீக்கிச் சுருக்கியது ஒன்று. கடைசியது யார் கண்ணிலும் படாது, தேடலுக்கு மட்டும். பயனர் தட்டுவதையும் அதே விதியால் சுருக்கி ஒப்பிட வேண்டும்.

சீக்கியர்களின் குருபாணித் தேடலைப் பார்த்தவர்கள் உண்டா? குரு கிரந்த் சாகிப் எந்தப் பிரதியானாலும் 1,430 பக்கம், பக்க எண்ணே நிலையான முகவரி. உள்ளே வரிசை ராகப்படி. தேடலில் அவர்கள் அதிகம் பயன்படுத்துவது ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தை மட்டும் வரிசையாகத் தட்டுகிற முறை. பாடுபவர் ஒரு வரியைச் சொல்லத் தொடங்கும்போதே நாலைந்து எழுத்தில் அந்த வரி திரைக்கு வந்துவிடும். நமக்கும் 'மா வீ மா ம' என்று தட்டினால் 'மாசில் வீணையும் மாலை மதியமும்' வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

நேர்த்தேடல்

'மாசில்' என்பதை 'மாசு இல்' என்று பிரித்து வைத்திருந்தால் முதலெழுத்து வரிசை 'மா இ வீ மா ம' ஆகிவிடுமே. அங்கே குர்முகியில் சொல் பிரிப்பு ஒரே சீராக நிலைத்திருக்கிறது, இங்கே அப்படியில்லை. இரண்டு பிரிப்புக்கும் அடைவு கட்டினால் நடக்கும். தலைப்பு தேவையில்லை என்று நான் சொன்னது இந்த வகைப் பாடல்களுக்குப் பொருந்தாது என்பது நமச்சிவாயப் பதிகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. என் கேள்வி இப்போது வேறு: அச்சுத் தலைப்பு யாருக்கும் உதவவில்லை என்றால் அதை வைத்திருப்பானேன்?

நூலடைவு

உதவுகிறது. தலமுறையில் படிப்பவர்களுக்கு அதுதான் வழி. தேவாரத்தை அச்சிடுவதில் பண்முறை, தலமுறை என்று இரண்டு ஒழுங்கு காலகாலமாக இருக்கிறது. ஒரு கோயிலுக்குப் போகிறவர் அந்தத் தலத்துப் பதிகங்கள் மூவரும் பாடியவை ஒன்றாக வேண்டும் என்பார். பண் பயில்பவர் நட்டபாடை எல்லாம் ஒன்றாக வேண்டும் என்பார். அச்சில் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், மற்றது பின்னிணைப்புக்குப் போகும். தரவுத்தளத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. இல்லாத கட்டாயத்தை நாமே ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்த டிஜிட்டல் தேவாரத்தில் பதிக எண், தலம், பண் என்று வெவ்வேறு வாசலாக உள்ளே போகலாம். அந்த அமைப்பை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தலத்திலும் ஒரு நுட்பத்தை மறக்க வேண்டாம். ஒரு பதிகம் ஒரு தலம் என்று கட்டம் கட்டினால் உடைந்துவிடும். முதல் திருமுறை நான்காம் பதிகம் 'திருப்புகலியும் திருவீழிமிழலையும்'. ஒரே பதிகத்தில் இரண்டு ஊர். சுந்தரரின் ஊர்த்தொகை, அப்பரின் க்ஷேத்திரக்கோவை இவற்றில் ஊர்கள் வரிசையாக வருகின்றன. அப்பரின் அடைவுத் திருத்தாண்டகம் (6.71) என்ன செய்கிறது பாருங்கள்: பள்ளி என்று முடியும் ஊர்கள் ஒரு பாட்டில், வீரட்டங்கள் ஒரு பாட்டில், குடி என்று முடிபவை, ஊர் என்று முடிபவை என்று ஈறு பார்த்து அடுக்குகிறது. பாட்டே அடைவாக இருக்கிறது! நாம் ஆயிரத்து நானூறு ஆண்டுக்குப் பக்கமாகப் பின்னால் வந்து அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

தனிப் பதிகம் பெறாமல் இப்படிப் பெயர் மட்டும் சுட்டப்பட்ட ஊர்களைத்தான் வைப்புத் தலம் என்கிறோம். எனவே 'பதிகம் பெற்ற தலம்' ஒரு கட்டம், 'சுட்டப்பட்ட தலம்' இன்னொரு கட்டம். இரண்டையும் கலந்தால் வைப்புத் தலம் எல்லாம் பாடல் பெற்ற தலம் ஆகிவிடும். கலந்த தளங்களைப் பார்த்து அந்தந்த ஊர்க்காரர்கள் நம்பிவிடுகிறார்கள், பின்னால் திருத்துவது மிகவும் கடினம்.

தலத்தின் இன்றைய பெயரும் வேண்டும். திருமறைக்காட்டைத் தேடுபவர் வேதாரண்யம் என்று தட்டுவார், திருமுதுகுன்றத்தை விருத்தாசலம் என்று. 'திரு'வையும் கவனியுங்கள். அதை நீக்கி அடுக்காவிட்டால் தகர வரிசை ஒன்றே பாதி அடைவாக வீங்கிவிடும். ஆனால் கண்மூடித்தனமாக வெட்டவும் முடியாது. 'திருவாலவாய்' என்பதில் வெட்டினால் 'வாலவாய்' மிஞ்சும்.

பல்லவி

உங்கள் பேச்சு முழுவதும் தேவாரத்தைச் சுற்றியே போகிறது, கீர்த்தனைகள் பக்கமும் கொஞ்சம் வாருங்கள்.

எங்கள் சபைகளில் பாமாலை, கீர்த்தனை என்று இரண்டு வகை. பாமாலைகள் பெரும்பாலும் மேனாட்டு மெட்டுகளில் வந்த ஞானப்பாட்டுகள். கீர்த்தனைகள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கர்நாடக இசையில் இயற்றியவை. சபையில் பாட்டை எண் சொல்லித்தான் அறிவிக்கிறார்கள். புத்தகம் மறுபதிப்பாகி வரிசை மாறினால் அந்த எண் செல்லாது. எனவே அருளிச்செயல் ஐயா சொன்ன எச்சரிக்கை எங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

மனிதர்கள் நினைவில் வைத்திருப்பது பல்லவியை. கீர்த்தனையில் பல்லவிதான் முதலடி என்பதால் சிக்கலில்லை. மொழிபெயர்ப்புப் பாமாலைகளில் ஒவ்வொரு செய்யுளுக்குப் பிறகும் வருகிற பல்லவி பிறகுதான் தொடங்கும், ஜனங்கள் அதைத்தான் தட்டுவார்கள். ஆகவே 'மீள்வரும் அடியின் தொடக்கம்' என்று தனிக் கட்டம் வேண்டும். ஹிம்னரி என்ற ஆங்கிலத் தளத்தில் முதலடி, பல்லவியின் தொடக்கம், தலைப்பு மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர்கள் செய்திருக்கிறார்கள்: பாட்டின் சொற்களுக்கு ஒரு பதிவு, மெட்டுக்கு ஒரு பதிவு, குறிப்பிட்ட புத்தகத்தில் இரண்டும் சேர்ந்து அச்சான இடத்துக்கு ஒரு பதிவு. ஒரே சொற்கள் பல மெட்டில் பாடப்படும், ஒரே மெட்டில் பல பாட்டு இருக்கும். இதைப் பிரிக்காவிட்டால் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு புதுப் பாட்டுப்போல் தரவு பெருகும்.

தலைப்பு நிலையானது அல்ல என்பதற்கு 'அமேசிங் கிரேஸ்' நல்ல சான்று. ஜான் நியூட்டன் 1779இல் ஓல்னி பாடல் தொகுப்பில் அதை வெளியிட்டபோது மேலே இருந்த தலைப்பு வேறு, விசுவாசத்தின் பின்னோக்கும் எதிர்பார்ப்பும் என்ற பொருளில். இன்று அந்தத் தலைப்பைச் சொன்னால் அநேகருக்குத் தெரியாது. முதலடியின் தொடக்கமே பெயராகிவிட்டது. இன்று எல்லாரும் பாடுகிற 'நியூ பிரிட்டன்' மெட்டும் 1835இல் வில்லியம் வாக்கரின் தொகுப்பில்தான் அந்தச் சொற்களோடு சேர்ந்தது. மெட்டுப் பெயர்களும் இடம் மாறுகின்றன. 'ஓல்ட் ஹண்ட்ரெட்த்' என்று நூறாம் சங்கீதத்தை வைத்துப் பெயர் பெற்ற மெட்டு, 1551ஆம் ஆண்டு ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் 134ஆம் சங்கீதத்துக்கு இருந்தது.

மெட்டால் தேட வேண்டுமானால் அசை எண்ணிக்கை ஓர் அடைவு. எட்டு, ஆறு, எட்டு, ஆறு என்று அசை வருகிற பாட்டுகளை ஒன்றாக வைத்தால் ஒன்றின் மெட்டில் இன்னொன்றைப் பாடிப் பார்க்கலாம். சொற்களே தெரியாமல் ராகம் மட்டும் மனத்தில் ஓடுகிறவர்களுக்கு, ஸ்வரங்களை எண்களாக்கிய அடைவு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் டெம்பர்லி அப்படி ஒரு மெட்டு அடைவைச் செய்திருக்கிறார். ஆங்கிலச் சொற்களோடு 1820 வரை அச்சான மெட்டுகள் அதில் உண்டு.

பண்முறை மாணவன்

பல்லவி அம்மா சொன்ன சொல், மெட்டு பிரிப்பு எங்களுக்கும் உயிரான விஷயம். ஒலிப்பதிவுகளில் பண்ணை விட்டுவிட்டு ராகத்தை மட்டும் எழுதுகிறார்கள். காந்தாரம், பியந்தைக்காந்தாரம், கொல்லி இவற்றையெல்லாம் இன்று நவரோஜில் பாடுகிறார்கள். 'நவரோஜ்' என்று மட்டும் குறித்தால் பண்கள் மூன்றும் ஒன்றாகிப் போகும். அந்த ஒலிப்பதிவிலிருந்து திரும்பிப் பண்ணைக் கண்டுபிடிக்கப் பாட்டு நூலுக்குத்தான் போக வேண்டும். தயவுசெய்து பண் என்பதைப் பாட்டின் பதிவிலும், பாடிய ராகம் என்பதை ஒலிப்பதிவின் பதிவிலும் வையுங்கள்.

நாலாம் திருமுறையில் நேரிசை, விருத்தம், ஐந்தில் குறுந்தொகை, ஆறில் தாண்டகம் ஆகியவற்றுக்குப் பண் கட்டம் காலியாக இருக்கும். அங்கே யாப்பின் பெயரைப் பண்ணாக நிரப்புகிற வழக்கம் சில தளங்களில் இருக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் இருக்கட்டும்.

'தனித் திருத்தாண்டகம்' என்ற அச்சுத் தலைப்பையும் சொல்ல வேண்டும். 'அப்பன்நீ அம்மைநீ' (6.95) அந்தத் தலைப்பில் இருக்கிறது. இவ்வளவு பேர் மனப்பாடமாகச் சொல்கிற பாட்டை அந்தத் தலைப்பு வழியாக யார் போய் எடுப்பார்கள்? அடுத்தடுத்துப் பார்த்தால் 'நாமார்க்கும் குடியல்லோம்' (6.98) 'மறுமாற்றத் திருத்தாண்டகம்'. அந்தப் பெயருக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது, பல்லவ மன்னன் அழைப்புக்கு அப்பர் கொடுத்த மறுமொழி. ஆகவே அச்சுத் தலைப்பு எல்லாம் ஒரே தரம் அல்ல. சிலது வெறும் அடையாளம், சிலது பாட்டின் கதையைச் சுமக்கிறது.

ஏடடுக்கி

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இதுவரை பேசியதை வைத்து நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன், மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள்.

'தலைப்பு' என்ற கட்டத்தையே எடுத்துவிடுகிறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் எந்தப் பதிப்பையும் சாராத எங்கள் சொந்த அடையாள எண் ஒன்று, அது ஒருபோதும் மாறாது. திருமுறை எண், பிரபந்த எண், பாமாலை எண் எல்லாம் எந்தப் பதிப்பு என்ற குறிப்போடு தனியாக. முதலடி மூன்று வடிவத்தில். அச்சுத் தலைக்குறிப்பு இருந்தபடியே. வழக்குப் பெயர் எத்தனை வேண்டுமானாலும், ஆனால் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு. நாங்களே இட்ட பெயர் என்றால் நூலடைவு அம்மா சொன்னபடி சதுர அடைப்புக்குள். தேடல் முடிவில் பெரிய எழுத்தில் முதலடி, அதன் கீழே வழக்குப் பெயர், பாடியவர், தலம், பண்.

இரண்டு இடத்தில் இன்னும் குழப்பம். ஒன்று, காப்பு, அதாவது நூலுக்கு முன்னால் வரும் வேண்டுதல் பாட்டு. கந்த சஷ்டி கவசத்தில் 'துதிப்போர்க்கு வல்வினைபோம்' என்பது முதலடியா, 'சஷ்டியை நோக்கச் சரவணபவனார்' என்பதா? அபிராமி அந்தாதியில் 'தார் அமர் கொன்றையும்' காப்பு, 'உதிக்கின்ற செங்கதிர்' முதல் பாட்டு. இன்னொன்று, நூலா, பதிகமா, பாட்டா, எந்த அளவில் பதிவு போடுவது.

நூலடைவு

காப்பு நூலின் பகுதி, ஆனால் நூலின் தொடக்கம் அல்ல என்று எண்ணுவதுதான் மரபு. அபிராமி அந்தாதியின் நூறு பாட்டில் காப்பைச் சேர்ப்பதில்லை. எனவே காட்டுவதற்கு 'உதிக்கின்ற செங்கதிர்', தேடுவதற்கு இரண்டும். கவசத்துக்கும் அப்படியே.

வழக்குப் பெயர் முதலடிக்குக் கீழே என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. கவசம், அகவல், சிவபுராணம் போன்றவற்றுக்கு வழக்குப் பெயரே மேலே வர வேண்டும். 'சீதக் களப' என்று பெரிய எழுத்தில் காட்டினால் விநாயகர் அகவலைத் தேடி வந்தவர் அது வேறு ஏதோ என்று கடந்துபோவார்.

ஏடடுக்கி

அப்படியானால் எதற்கு எது மேலே என்று ஒவ்வொரு பாட்டுக்கும் யாரோ ஒருவர் முடிவு செய்ய வேண்டுமே அம்மா. அந்த யாரோ ஒருவரின் விருப்பம்தான் நாளை எல்லா இடத்துக்கும் நகலாகப் போகிறது. நீங்கள் முதலில் எச்சரித்ததே அதுதானே?

நூலடைவு

முடிவு செய்வதில் தவறில்லை, முடிவை மறைப்பதுதான் தவறு. 'காட்டும் பெயர்' என்று ஒரு குறி வையுங்கள், யார் எப்போது ஏன் இட்டார் என்று பக்கத்திலேயே இருக்கட்டும். பின்னால் மாற்ற நினைப்பவர் காரணத்தைப் படித்துவிட்டு மாற்றலாம்.

பண்முறை மாணவன்

தேவாரத்துக்கு மட்டும் முதலடியே மேலே இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், கோளறு பதிகம் உட்பட. அந்தப் பெயரைத் தட்டி வருபவர் 'வேயுறு தோளிபங்கன்' என்ற அடியை முதலில் பார்க்கட்டும். தளம் அவருக்குப் பாட்டையே கொடுத்தது ஆகும்.

அருளிச்செயல் அன்பர்

அளவைப் பற்றிக் கேட்டீர்களே. பிரபந்தம், பதிகம், பாசுரம் மூன்றுக்கும் தனித்தனிப் பதிவு போடுங்கள், ஒன்றுக்குள் ஒன்று. 'திருப்பாவை' என்று தேடினால் நூல் வர வேண்டும், 'மார்கழித் திங்கள்' என்றால் முதல் பாசுரம் வர வேண்டும், அங்கிருந்து முப்பதுக்கும் போக வழி வேண்டும். பாசுர அளவில் முதலடி அடைவு இல்லாத தளம் எங்களுக்கு அரைகுறைதான். ஒவ்வொரு பாசுரமும் யாரோ ஒருவருக்கு நுழைவாயில். திருவாய்மொழியில் இது இன்னும் தேவை, ஏனென்றால் அந்தாதித் தொடை: முந்திய பாசுரம் முடிகிற சொல்லில் அடுத்தது தொடங்கும். முடிவுச் சொல்லுக்கும் ஓர் அடைவு கட்டினால் சங்கிலி முழுவதும் தெரியும். அபிராமி அந்தாதிக்கும் அது உதவும்.

குறியேற்றம்

ஈற்றுச் சொல் அடைவு எளிது, நான் செய்து தருகிறேன். முதலெழுத்துத் தேடலையும் இரண்டு பிரிப்புக்குமாகச் சேர்த்து ஒரு முன்மாதிரி கட்டுகிறேன். ஏடடுக்கி, நீங்கள் சந்தி பிரித்த முதலடிகளை மட்டும் முதலில் அனுப்புங்கள். ஆறாம் திருமுறையிலிருந்து தொடங்கலாம். தாண்டகத்தில் அடிகள் நீளம், சொற்கள் நிறைய, விதி எங்கே உடைகிறது என்று அங்கேதான் சீக்கிரம் தெரியும்.

பல்லவி

மெட்டுப் பதிவை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் பாமாலைகளுக்கு நான் செய்கிறேன். அசை எண்ணிக்கையைத் தமிழ்ச் சொற்களை வைத்து எண்ணுவதா, மூல மெட்டின் எண்ணிக்கையை அப்படியே எழுதுவதா என்று மட்டும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பில் ஓரசை கூடிக் குறைந்த இடங்கள் உண்டு.

நூலடைவு

இரண்டும், தனித்தனிக் கட்டத்தில். மூல மெட்டின் எண்ணிக்கை மெட்டுப் பதிவுக்கு, தமிழில் எண்ணியது பாட்டின் பதிவுக்கு. கூடிக் குறைகிற இடம்தான் பாடுபவருக்கு முதலில் தெரிய வேண்டியது.